சீவாத கூடுகள்

காரின் தன் அப்பாவின் உதடுகளை ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தபோது முற்றத்துச் சரளைக்கல்லில் வண்டி ஒன்று வந்து நின்றது. சன்னல் வழியாகப் பார்த்தாள். லைல் சித்தப்பா இறங்கிக்கொண்டிருந்தார். ஒன்பது வருடமாக இந்த வாசலை மிதிக்காதவர்.

அவள் யாருக்கும் தகவல் அனுப்பவில்லை. மொன்டானா மலையடிவாரத்தில் அவ்வளவு சின்ன ஊரில், ஒரு வீட்டு வாசலில் நர்ஸின் கார் தினமும் நின்றாலே போதும், செய்தி பரவிவிடும். இன்றைக்கோ நாளைக்கோ என்று காலையில்தான் நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

சித்தப்பா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பேசறானா?"

"நேத்து சாயங்காலத்தோட நின்னுருச்சு சித்தப்பா. காது கேக்கலாம்னு நர்ஸ் சொல்றாங்க."

"கேட்டா போதும்."

சட்டைப் பையிலிருந்து முடிச்சுப் போட்ட கைக்குட்டையை எடுத்து, மருந்து பாட்டில்களுக்கு நடுவே வைத்து அவிழ்த்தார். நான்கு தோட்டாக்கள். பித்தளை கறுத்துப் போயிருந்தது. அவை என்னவென்று கேட்க வேண்டிய அவசியம் காரினுக்கு இல்லை.

"எம் பையன் ரிவால்வர்ல மிச்சமிருந்தது. இத்தன வருஷமா அலமாரில கெடந்துச்சு. கூட்டு நீளம் எவ்ளோ மாறுதுன்னு அளந்து பாக்க எனக்குத் தெம்பு வரல. வெர்னியர எங்க வச்சிருக்கான்?"

அவள் பதில் சொல்வதற்குள் அவரே பின்னறைக்குப் போய்விட்டார். அங்கேதான் அப்பாவின் பட்டறை மேசை. சுட்டு முடித்த வெற்றுக் கூடுகளில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் அடைத்துத் தோட்டாவாக்குவது அந்த மேசையில்தான். இழுப்பறைகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

காரின் அப்பாவின் அருகில் உட்கார்ந்தாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. மனதுக்குள் எண்ணினாள். பன்னிரண்டு வந்தபிறகுதான் அடுத்த மூச்சு வந்தது.

இன்னும் சில மணி நேரம். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அதற்குப் பிறகு அந்த விஷயம் தெரிந்தவர்கள் உலகத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை.

ஒன்பது வருடத்துக்கு முன், அந்த இலையுதிர் காலத்தில் அப்பாவுக்குத் தோளில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. சித்தப்பா மகன் டேரல் எல்க் மான் வேட்டைக்குக் கிளம்புகிறான், கரடி நடமாடும் இடம், இடுப்பு ரிவால்வருக்கு ஐம்பது தோட்டா அடைத்துக் கொடு என்று அவளிடம் சொன்னார். பல தடவை சுட்ட கூடுகள் ஒரே நீளமாக இருக்காது, ஒவ்வொன்றையும் அளந்து வாய் விளிம்பைச் சீவி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அடை என்றும் சொன்னார். காரினுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, பத்து வருடம் சுட்டுப் பழகியவள். சுடும் களத்தில் அவளுக்குத் தெரிந்த அத்தனை பேரும் கைத்துப்பாக்கிக் கூட்டைச் சீவுவது வெட்டிவேலை என்றுதான் சொல்வார்கள். அப்பாவின் கிறுக்கு என்று நினைத்தாள். சீவாமலேயே ஒரே மத்தியானத்தில் ஐம்பதையும் அடைத்துவிட்டு, ஆச்சு அப்பா என்றாள்.

சுட்ட மானை டேரல் அறுத்துக்கொண்டிருந்தபோது கரடி வந்தது. ஒருமுறை சுட்டான். அந்த உதைப்பில் பக்கத்துத் தோட்டாவின் குண்டு கூட்டை விட்டு முன்னால் நழுவி, ரிவால்வரின் உருளையைச் சுழலவிடாமல் பூட்டிவிட்டது; மறுபடி சுட முடியவில்லை. கூட்டின் வாய் குண்டை இறுக்கிப் பிடிக்கவில்லை. கூடுகள் ஒரே நீளமாக இல்லாவிட்டால், குட்டையான கூட்டில் பிடி தளர்வாகத்தான் விழும் என்றார்கள். டேரல் உயிரோடு வந்தான். ஆனால் கரடி கடித்ததில் கீழ்த்தாடை போய்விட்டது.

மருத்துவமனை நடையில், கூடுகளைச் சீவினாயா என்று சித்தப்பா அப்பாவிடம் கேட்டபோது காரின் வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்திவிட்டு, தானே பதில் சொன்னார்.

"சீவல. கைத்துப்பாக்கிக் கூட்ட யாரு சீவறா?"

அந்த ஒரு வாக்கியத்தோடு அண்ணன் தம்பி உறவு அறுந்தது. வீட்டுக்கு வரும் வழியில், இதைப் பற்றி இனி பேச வேண்டாம் என்று அப்பா சொன்னார். பேசவும் இல்லை. அவள்தான் தேடித் தேடிப் படித்தாள். பாதிப்பேர் தேவையில்லை என்றார்கள், உதைப்பு அதிகமுள்ள ரிவால்வருக்குச் சீவித்தான் ஆகவேண்டும் என்று மீதிப்பேர் சொன்னார்கள். சீவியிருந்தால் நழுவியிருக்காது என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. அதில் அவளுக்கு எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.

சித்தப்பா வெர்னியரோடு வந்து கட்டிலின் மறுபக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். அளக்கவில்லை. முதலில் அண்ணனின் காதுப்பக்கம் குனிந்தார்.

"ஆர்விட். நான் லைல். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வேலிக்கம்பத்தக்கூட நூல் புடிச்சு நடறவன் நீ. உன் தோட்டான்னா ஒவ்வொண்ணா அளந்து சீவுவ, நான் பாத்திருக்கேன். எம் பையனுக்குன்னு வந்தப்ப மட்டும் ஏன் அலட்சியமாப் போச்சு? அவன் உனக்கு என்ன பண்ணான்?"

அப்பாவின் விரல்கள் போர்வையின்மேல் அசைந்தன. தடவித் தடவி வந்து காரினின் மணிக்கட்டில் நின்றன. பிடிக்கும் வலு இல்லை. ஓர் இலை விழுந்து கிடப்பதுபோல் கிடந்தன.

அவள் கையை எடுக்கவில்லை.

"அளக்க வேணாம் சித்தப்பா. அத அடைச்சது அப்பா இல்ல. நான். சீவச் சொன்னாரு, நான் சீவல."

சித்தப்பா நிமிர்ந்தார். வெர்னியரின் இரும்பு நாக்கைக் கட்டைவிரலால் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருந்தார். சமையலறையில் குளிர்பெட்டி ஒரு உறுமலோடு ஓடத் தொடங்கியது.

"அவனுக்கு எப்பத் தெரியும்?"

"ஆஸ்பத்திரில, நீங்க கேட்டப்ப. என் மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டாரு."

"எங்கம்மா சாவுக்குக்கூட இவன் பக்கத்துல நிக்கல நான்." குரல் உயரவில்லை. "குழிக்கு எதுத்தாப்ல நின்னேன். இவனும் நிக்க விட்டான்."

காரினுக்குச் சொல்ல இருந்தது ஒன்றுதான், அதைச் சொல்லியாகிவிட்டது. அவர் தன்னை அடித்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். அவர் எழுந்து சன்னலுக்குப் போனார். பிறகு திரும்பி வந்து அண்ணனின் போர்வையைக் கால்பக்கம் இழுத்துச் சரிசெய்தார். வெளியே தெரிந்த ஒரு பாதத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.

"சில்லுன்னு இருக்கு," என்றார்.

இருபது வரை எண்ணினாள் காரின். முப்பது. நாற்பதுக்குப் பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டாள். மணி மூன்று பத்து.

அவள் நர்ஸுக்கு போன் செய்து சொன்னாள். ஒரு மணி நேரத்தில் வருவதாக நர்ஸ் சொன்னாள். அப்பாவின் கண்களை மூடினாள். சித்தப்பா அந்தப் பாதத்தை விட்டுவிட்டுத் தன் போனை எடுத்தார். மறுமுனையில் எடுத்ததும், "டேரல், உங்க பெரியப்பா போயிட்டாருடா," என்றார். கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆமா, நான் இங்கதான் இருக்கேன். அவரு வீட்லதான்."

பிறகு காரினைப் பார்த்தார். உள்ளே வந்ததிலிருந்து அவள் முகத்தை நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. போனைக் கட்டிலுக்குக் குறுக்கே நீட்டினார்.

"நீயே சொல்லு."

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் மரம் அறுக்கும் இயந்திரம் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"டேரல். நான் காரின். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரு," என்றான் அவன், அந்தக் குழறல் பேச்சில். "ஒண்ணுமே கேக்கல. இத நிறுத்திட்டு வரேன்."

அவன் நடந்து போகும் காலடி கேட்டது. இயந்திரம் வேகம் குறைந்து, குறைந்து, நின்றது.