சனிக்கு நேராக

மூச்சைப் பிடித்துக்கொண்டு, டெலஸ்கோப் கண்ணாடிமேல் பொருத்தியிருந்த போனைத் தொட்டேன். வந்து விழுந்தது அதே படம்தான். வால் முளைத்த துவரம்பருப்பு மாதிரி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும் மஞ்சள் வெளிச்சம். மூன்று வாரமாக, மழை விட்ட சாயங்காலம் எல்லாம் மாடிக்கு வந்துவிடுகிறேன். நிலா முதல் நாளே அழகாக வந்துவிட்டது, அம்மைத் தழும்பு வரைக்கும் எண்ணலாம். சனிதான் படிய மாட்டேன் என்கிறது. டெலஸ்கோப்பில்தான் கோளாறு என்று விற்ற கடைக்காரரிடம் போனில் சண்டை பிடித்தேன். சனி என்றால் வளையம் இருக்க வேண்டாமா? அவர் பொறுமையான மனிதர். இந்த வருஷம் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டிருக்கிறது, தோசைத் தட்டைக் கண்ணுக்கு நேரே படுக்கையாகப் பிடித்தால் கோடாகத்தானே தெரியும் என்றார். சரி, வளையம் போகட்டும். இந்த வால்?

தெருவிளக்கு வெளிச்சத்தில் தண்ணீர்த் தொட்டிமேல் என் நிழல் விழுந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. டெலஸ்கோப்புக்கு நான் தோளைக் காட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் திருப்பி, ஒதுங்கி நிற்கிறேன். திருநள்ளாற்றில் நாங்கள் அப்படித்தான் நிற்போம். சனி பகவான் பார்வை நேராக விழக்கூடாது என்று சன்னதியில் ஓரமாக நகர்ந்து நின்றுதான் கும்பிடுவோம். நாலு வயதில் அம்மா தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தியது, அறுபத்திரண்டு வயதில் அரியாங்குப்பம் மொட்டை மாடியில் உடம்பு தானாகத் திரும்பியிருக்கிறது. நான் கோணி நின்றதால் போனும் கண்ணாடிமேல் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் எக்ஸ்ரே எடுத்தவள் நான். நெஞ்சப் பலகையில ஒட்டி நேரா நில்லு, மூச்ச இழுத்துப் புடி, அசையாத என்று எத்தனை ஆயிரம் பேரைத் தோளைப் பிடித்துத் திருப்பியிருப்பேன். ரிடையர் ஆகும்போது கூட வேலை செய்தவர்கள் வெள்ளிக் குத்துவிளக்கு வாங்கித் தருகிறோம் என்றார்கள். வீட்டில் மூன்று இருக்கிறது, எனக்கு டெலஸ்கோப் வேண்டும் என்று வாய் விட்டுக் கேட்டு வாங்கியது இது. அதன் முன்னால் போய் ஓரமாக நிற்பதா? நேராகத் திரும்பி நின்றேன்.

ஒரு நிமிஷ வீடியோ எடுத்தேன். மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை பார்க்கும் என் மகள் துர்கா, அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் படம் படமாகப் பிரித்து, ஆயிரத்தில் தெளிவான நூறைப் பொறுக்கி ஒன்றாகச் சேர்த்தாள். ஊசியில் கோர்த்த முத்து மாதிரி சனி வந்தது. குறுக்கே அந்த ஊசிதான் வளையம். இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தோம். வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன்.

மறுநாள் காலை என் நாத்தனார் ரஞ்சிதம் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"இன்னா காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க, அண்ணி?"

"காப்பி போடட்டுமா?"

"காப்பி குடிக்க வர்ல. கார்குழலிக்கா காலைல ஏழு மணிக்கே போன் போட்டுட்டாங்க. பொண்ணு வீட்ல சனியப் புடிச்சி போன்ல வெச்சிருக்காங்களாமேன்னு."

கார்குழலி, இங்கே பக்கத்துக் கதிர்காமத்துக்காரர். அவர் மகன் இளஞ்செழியனுக்குத்தான் துர்காவைக் கேட்டிருந்தார்கள். தையில் கல்யாணம் என்கிற அளவுக்குப் பேச்சு வந்திருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

"என் நம்பரே அவங்ககிட்ட இல்லியே. யாரு காட்டினது?"

ரஞ்சிதம் மின்விசிறியைப் பார்த்தாள். "நான்தான் அனுப்புனேன். எங்க அண்ணி எவ்ளோ கெட்டிக்காரின்னு தெரியட்டுமேன்னு."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். துர்காவுக்கு ஏழரைச் சனி நடக்கிறது. இதற்கு முன்பு நாலு இடம் ஜாதகத்திலேயே தட்டிப்போய்விட்டது. இவர்கள்தான் பரிகாரம் செய்துகொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டவர்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் குழாய் வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டும், அம்மாவும் பெண்ணும் திருநள்ளாறு போய் எள் விளக்கு ஏற்றிவிட்டு வர வேண்டும். அப்படியென்றால்தான் வருவார்களாம்.

"பொண்ணுக்கு ஏழரை நடக்கசொல்ல, பெத்தவ மாடில நின்னு அவரையே மொறச்சிக்கினு இருக்கீங்க."

"நான் எங்க மொறச்சேன்? அவருதான் போஸ் குடுக்கறாரு."

"உங்ககிட்ட வாய் குடுத்தேன் பாரு," என்று ரஞ்சிதம் தலையில் கை வைத்துக்கொண்டு போனாள்.

துர்காவை நினைத்து எனக்குக் கவலை இல்லை. அவள் என் பக்கம் என்று நினைத்தேன். சாயங்காலம் வந்தவள் பையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஒரே ஒரு நாள், ம்மா. அத்தை வீட்ல வெச்சிடலாம். அவங்க வந்துட்டுப் போனதும் எடுத்தாந்துடலாம். அந்தப் படத்தையும் எடுத்துடு."

"அந்தப் புள்ளைய உனக்குப் புடிச்சிருக்கா?"

"நாலஞ்சு வாட்டி பேசியிருக்கேன்." சுவரைப் பார்த்தாள். "சிரிக்க வெக்கிறாரு, ம்மா."

முப்பத்தொரு வயதுப் பெண். நாலு வருஷமாக அவள் சிரித்ததைவிட அவள் ஜாதகத்தைப் பார்த்து மற்றவர்கள் உதட்டைப் பிதுக்கியதுதான் அதிகம். தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் இவள் அப்பா போனபோது, மூன்று மாதம் மட்டும் வண்டி ஓட்டாதீங்க, ஊர் ஒரு மாதிரி பேசும் என்றார்கள். நானும் ஸ்கூட்டியை மாடிப்படிக்குக் கீழே நிறுத்தினேன். ஐந்து வருஷம் ஆகிறது. பேட்டரி செத்து, டயர் தரையோடு ஒட்டி, இப்போது அதன்மேல் வெங்காயம் காய்கிறது. ஒரு நாள், மூன்று மாதம் என்று கேட்பவர்கள் யாரும் திருப்பிக் கொடுப்பதற்கு வருவதில்லை.

"கேக்கலன்னா நானாச் சொல்ல மாட்டேன்," என்றேன். "கேட்டாங்கன்னா இருக்குன்னுதான் சொல்லுவேன். படமும் இருக்கும்."

"உனக்கு நான் முக்கியமா, அது முக்கியமா?"

பதில் என் வாயில் இருந்தது. அதற்குள் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். ஞாயிறு வரைக்கும் என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட அவளே எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் தினமும் மாடிக்குப் போனேன். அவள் வரவில்லை.

ஞாயிறு ஆறு மணிக்கு ராகுகாலம் முடிந்து, ஆறேகாலுக்கு வந்தார்கள். அதற்குள் இருட்டிவிட்டது. கார்குழலியை நான் வேறு மாதிரி நினைத்து வைத்திருந்தேன். மெலிந்த உடம்பு, தூக்கமில்லாத கண், கையில் பூவும் பழமும். இளஞ்செழியன் செருப்பு விட்ட இடத்தில் எல்லார் செருப்பையும் ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தான். அது எனக்குப் பிடித்தது. கேசரி, காப்பி, மழை, அரியாங்குப்பம் பாலத்து நெரிசல் என்று எல்லாம் பேசியாயிற்று. துர்கா பட்டுப்புடவையில் வந்து கும்பிட்டுவிட்டு ரஞ்சிதத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அது போயிடுச்சில்ல?" என்றார் கார்குழலி.

"அதெல்லாம் அன்னைக்கே குடுத்தாச்சிக்கா," என்றாள் ரஞ்சிதம், மூச்சு விடாமல்.

துர்கா என்னைப் பார்த்தாள். மூன்று நாளுக்குப் பிறகு முதல் பார்வை. சும்மா இரு என்று கெஞ்சுகிறதா என்று தேடினேன், தெரியவில்லை.

"மேலதாங்க இருக்கு," என்றேன். "குடுக்கல. குடுக்கிறதாவும் இல்ல."

ரஞ்சிதம் என் தொடையில் கிள்ளினாள். கார்குழலி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு இது வெளையாட்டு. எம் பெரிய புள்ள லாரில அடிபட்டது அஷ்டமத்துச் சனில. ரெண்டு காலு. அன்னைலேருந்து நான் எதையும் வெளையாட்டா நெனக்கிறதில்லைங்க."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அந்த மாதிரிக் காலு நான் எவ்ளோ படம் எடுத்திருக்கேன் தெரியுங்களா," என்றேன். "பன்னெண்டு ராசியும் வரும். நல்ல தெசை நடக்கறவங்களும் ஸ்ட்ரெச்சர்லதான் வருவாங்க. உங்க கஷ்டத்த நான் இல்லன்னு சொல்லல. அதுக்காக நான் பயந்து நிக்கணுமா?"

"கெளம்பலாம், தம்பி," என்றார் கார்குழலி.

இளஞ்செழியன் எழுந்தான். துர்காவும் எழுந்துவிட்டாள்.

"ஆன்ட்டி, அந்தப் படத்துல பாதி நான் செஞ்சது," என்றாள். "அம்மா எடுத்தாங்க, நான் சேத்தேன். ஒளிச்சி வெக்கலாம்னு சொன்னதும் நான்தான். அது தப்பு. நானும் பாத்தவதான்." அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க பாக்கறீங்களா? மேகம் வர்றதுக்குள்ள."

அவன் அம்மாவைப் பார்த்தான். துர்காவைப் பார்த்தான். "படி எந்தப் பக்கம்?" என்றான்.

நான் பின்னாலேயே ஏறினேன். மாடியில் தெருவிளக்கு வெளிச்சம் மட்டும்தான். துர்கா முனையைத் திருப்பிச் சரிசெய்து, அவன் போனை வாங்கிப் பொருத்தினாள். அவன் குனிந்தான். "எங்கங்க, ஒண்ணும் காணோமே," என்றான். "கண்ணத் தொறங்க மொதல்ல," என்றாள் என் பெண். இரண்டு பேரும் சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது.

மாடி விளக்கின் சுவிட்ச் கீழே படிக்கட்டு ஓரத்தில் இருக்கிறது. யாரோ தட்டினார்கள். ட்யூப்லைட் இரண்டு முறை துடித்து, தொட்டி, கொடிக்கயிறு, எங்கள் மூன்று பேர் முகம் எல்லாவற்றின்மேலும் வெள்ளையாகக் கொட்டியது. போன் திரையில் சனி வெளுத்துப்போனது. "தம்பி," என்று கார்குழலியின் குரல் வந்தது. அவன் நிமிரப் போனான்.

துர்கா இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவினாள். ஒரே வீச்சில் விரித்து, அவன் தலையும் போனும் டெலஸ்கோப்பின் முனையும் மூடும்படி போர்த்தினாள். பிறகு தன் தலையையும் அதற்குள் நுழைத்துக்கொண்டாள். அரக்குப் பட்டு. உள்ளே இரண்டு தலை அசைந்து, பிறகு அசையாமல் நின்றது. படியில் வளையல் சத்தம் ஒவ்வொரு படியாக ஏறி வந்துகொண்டிருந்தது. முந்தானையின் ஒரு நுனி காற்றில் தூக்கிக்கொண்டது. நான் போய் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.