காக்கிக் கால்சட்டையும் கறிவேப்பிலை அழகியும்

1

இந்தக் கதை கொச்சியில், கலூரில் நான் குடியிருக்கும் வீட்டுக் கொல்லையில் பிறந்தது. அங்கே கறிவேப்பிலை மரத்தில், கறுப்புச் சிறகில் சிவப்புப் பொட்டு வைத்த வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்தது. தொடாதீர்கள், விஷம் என்றார் வீட்டுக்காரச் சேட்டன். விசாரித்துப் பார்த்தால் அதற்குக் கறிவேப்பிலை அழகி என்று பெயர், விஷமே கிடையாது. கறிவேப்பிலை தின்று வளர்ந்த பரம சாது, விஷமுள்ள வேறொரு பூச்சியின் புடவையை உடுத்திக்கொண்டு திரிகிறது. காக்கை குருவியெல்லாம் ஏமாந்து ஒதுங்குகின்றன. அன்றிலிருந்து எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்.

2

1976இல் மட்டாஞ்சேரியில் மழை கொட்டோ கொட்டென்று—

(வேண்டாம். கொச்சிக் கதையை மழையில் ஆரம்பிப்பது சோம்பேறித்தனம்.)

மூக்கம்மாள் பயந்த சுபாவம்—

(பொய். பயந்தவள் செய்கிற காரியமா அது?)

நேராகவே சொல்லிவிடுகிறேன். நெருக்கடி நிலைக் காலம். மூக்கம்மாளுக்கு மட்டாஞ்சேரி லாட்ஜ் ஒன்றில் சமையல் வேலை. அவள் தம்பி சுடலைமுத்து சுவரில் போஸ்டர் ஒட்டியதற்காகத் தேடப்படுகிறவன். அவனை அவள் லாட்ஜிலேயே ஒளித்து வைத்திருந்தாள், [இடத்தை எழுதி, அடித்துவிட்டேன்]. அவனுக்குக் காய்ச்சல் வேறு.

அப்போதுதான் விஸ்வேஸ்வரன் வந்து அறை எடுத்தார். ஒட்ட வெட்டிய முடி, காக்கிக் கால்சட்டை, பழுப்பு பூட்ஸ். அவர் வாயைத் திறக்கும் முன்பே லாட்ஜ் முதலாளி அப்பு எழுந்து கும்பிட்டார். பஜாரில் சுமை தூக்குகிறவர்கள்கூட வழி விட்டார்கள். விட்ட வழியில் அவரும் நடந்தார். நான் போலீஸ் இல்லை என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

3

போலீஸ் இல்லைதான். [முதல் பிரதியில் அப்படித்தான் வைத்திருந்தேன்.] பூச்சி பிடிக்கிறவர். சாயா கொண்டுபோன மூக்கம்மாளுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து காட்டினார். ஊசி குத்திய இரண்டு வண்ணத்துப்பூச்சிகள், அக்காள் தங்கை மாதிரி. உடம்பு சிவப்பாக இருப்பதில் விஷம் உண்டு, கறுப்பாக இருப்பதில் ஒன்றும் கிடையாது என்று விளக்கினார்.*

* இந்த வேஷத்தைப் பெண் பூச்சிகள் மட்டுமே போடும், அவற்றிலும் சிலதான். யார் வாயில் வைப்பதென்று தெரியாமல் இங்கே வைத்தேன்.

அதைக் கேட்டதும் அவளுக்குப் பயம் போயிருக்க வேண்டும். காக்கி வெறும் சிறகு, ஆள் சாது என்று எனக்கே தோன்றியது. அவளுக்குத் தோன்றவில்லை. பறவை எதைக் கண்டு விலகுகிறது? முன்பு எதை விழுங்கி வாந்தி எடுத்ததோ அதைக் கண்டு. மூக்கம்மாளின் புருஷன் தங்கையாவைக் கூட்டிப்போனவன் காக்கி போடவில்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தான், அக்கா என்று கூப்பிட்டான், அவள் கையால் கப்பைக்கிழங்கும் மீனும் வாங்கித் தின்றான், இப்போது வந்துவிடுவார் என்று சொல்லி அழைத்துப்போனான். தங்கையா வரவே இல்லை.

லாட்ஜில் தங்குகிறவர்கள் அவளைக் கைதட்டித்தான் கூப்பிடுவார்கள். விஸ்வேஸ்வரன் வந்த அன்றே அக்கா என்றார். அவள் பயந்தது பூட்ஸைப் பார்த்தல்ல, அந்த அக்காவைக் கேட்டு.

4

ஒரு மத்தியானம் அவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார். கையில் மாத்திரைகள்.

"அக்கா, அந்தப் பையனுக்கு ஜொரம் விட்டுதா? இதக் குடுங்கோ. நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்."

"எந்தப் பையன், சாரே? இங்க நான் மட்டும்லா இருக்கேன்."

"சுவருக்கு அந்தண்டை இருமறது கேக்கறது, அக்கா."

மாத்திரைகளை அரிவாள்மணைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

5

முடிவு ஒன்று: மாத்திரையைக் கொடுக்கிறாள், காய்ச்சல் விடுகிறது, விஸ்வேஸ்வரன் பூச்சிகளோடு ஊர் போய்ச் சேருகிறார். எனக்கே இனிக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

முடிவு இரண்டு: மாத்திரையை அடுப்பில் எறிந்துவிட்டு, நடுங்குகிற தம்பியை வைப்பின் தீவுக்குப் போகிற படகில் ஏற்றுகிறாள். அக்கரை சேர்வதற்குள் அவன்—

(கை வரவில்லை.)

விஸ்வேஸ்வரன் யாரென்று அவரை எழுதிய எனக்கே தெரியாது. மூக்கம்மாள் என்ன செய்தாள் என்று தெரியும். சுடலைமுத்து எங்கே போனான் என்பதும் தெரியும். அரைப் பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். காலையில் கிழித்துப் போட்டேன்.

காரணம் நீங்கள். இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள், அவளுக்காக மனம் கசிந்தீர்கள். இப்போது அந்தப் பையன் எங்கே, எப்படி இருக்கிறான் என்று அன்பாக விசாரிக்கிறீர்கள். பார்த்தால் நல்லவராகத்தான் தெரிகிறீர்கள்.

எந்தப் பையன்? இந்தக் கதையில் அப்படி யாரும் இல்லை.