முழங்கை இடி

பட்டாளத்தார் ட்ரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருந்த பழைய பேப்பரை உரித்து, அதற்கும் கீழேயிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, மனைவியின் தையல் மிஷின் மேல் வைத்தார். அவள் படித்தாள். 'நிறுத்தும்படி மூன்று முறை ஆணையிட்டும் பீரங்கியில் மேலும் ஒரு குண்டு சுட்டார். ஆணை காதில் விழவில்லை என்று சாக்குச் சொன்னார். பதினான்கு நாள் காவல்.'

முப்பது வருஷமாக, "என் ரிக்கார்டுல ஒரு கறை கிடையாது" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்த மனுஷன்!

"அப்பவே டாக்டர்கிட்ட போயிருக்கலாமே?"

"காதுன்னு சொன்னா ஸ்டோர்ல உட்கார வெச்சிருவாங்க. இது பதினாலு நாள்தான். பதினஞ்சாம் நாள் மறுபடி என் பீரங்கி." தாளைப் பழையபடி மடித்தார். "மெடிக்கல் போர்டுல இதைக் காட்டினா மானம் போயிரும்."

"மானம் போகாது. கொண்டு வாங்க."

அவரது ஊனமுற்றோர் பென்ஷன் மனு மெடிக்கல் போர்டிலிருந்து இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. 'வயதால் வந்த காது மந்தம், ராணுவப் பணியால் அல்ல. கூப்பிட்டால் திரும்புகிறார்.' அந்தக் கடைசி வரி அவளுடைய கைங்கரியம். இடது பக்கம் யார் கூப்பிட்டாலும் முழங்கையால் லேசாக ஓர் இடி இடிப்பாள், அவர் திரும்புவார். ஊரில் ஒருவரும் செவிடு என்று சொல்லிவிடக்கூடாதே என்று பழகிய பழக்கம். போர்டிலும் இடித்துத் தொலைத்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை.

மூன்றாம் தடவை பெண் டாக்டர் ஒருவர். தாளை இரண்டு முறை படித்தார்.

"பீரங்கிக்கு எந்தப் பக்கம் நிப்பீங்க?"

"வலது பக்கம், மேடம். இடது காது குழாய்ப் பக்கம்."

"வயசுன்னா ரெண்டு காதையும் பிடிக்கணும். பார்த்துடலாம்."

வலப்பக்கம் போய் மெல்லப் பேர் கேட்டார். பட்டென்று பதில் வந்தது. அப்புறம் அந்தக் காதை விரலால் அடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முதுகுக்குப் பின்னால் சுற்றி இடப்பக்கம் வந்து நின்று கூப்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு முழங்கை துறுதுறுத்தது. இரண்டு கையையும் மடியில் இறுக்கிக்கொண்டாள். காதைக் கொடுத்தாவது பீரங்கியை விடாதவருக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறோம் என்று அவளுக்கு நெஞ்சு நிறையப் பெருமையாக இருந்தது. இத்தனை நாள் இதைப் போய் மூடி வைத்தோமே.

இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை குரல் உயர்ந்ததில் பக்கத்து மேஜை குமாஸ்தாகூடத் தலை தூக்கினார்.

பட்டாளத்தார் விறைப்பாக உட்கார்ந்து, நேரே சுவரைப் பார்த்தபடி, அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார்.