சொந்தக் கால்

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்கள் முதன்முதலாகப் பாடம் நடத்தும்போது தரையிலிருந்து எழும்பிவிடுவார்கள். பாடத்தில் பிடிமானம் வரும்வரை அப்படித்தான். அதுவரை அவர்கள் காலைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். விலங்கியல் துறையில் அந்த ஆள் நான். என் பதவியின் பெயரே பிடிமானம்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் என் கையை நம்பாத முனைவர் இந்தக் கட்டடத்தில் இல்லை.

மேசைக்கு அடியில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டும். இறுக்கினால் பேச்சு திக்கும். தளர்த்தினால் குரல் மேலிருந்து வரும். மேற்கோள் சொல்லும்போது மட்டும் இரண்டு கையும் தேவை. மேற்கோள் ஆளை மேலே கொண்டுபோகும். பெயரிலேயே இருக்கிறது.

கை நழுவிக் கூரையைத் தொட்டவர்கள் பிறகு இறங்குவதில்லை. அவர்களுக்குப் பாடம் நடத்த அனுமதியும் கிடையாது. எங்கள் பெரிய வகுப்பறையின் கூரையில் அப்படிச் சிலர் இருக்கிறார்கள். ஆய்வேட்டை அங்கேயே எழுதுகிறார்கள். டீயைத் தொரட்டியில் மாட்டி நீட்டுவோம். மின்விசிறியைப் போடுவதில்லை.

துறைத் தலைவர் அருமைநாயகமும் ஒரு காலத்தில் என் கையில் இருந்தவர்தான். அவரைப் போல் உதைத்தவர் வேறு யாரும் இல்லை. என் முன்பல் அவருடைய மண்புழுப் பாடத்தில் போனது. அதைக்கூட விட்டிருப்பேன். தலைவரானபோது நடந்த பாராட்டு விழாவில், "யார் தயவும் இல்லாமல் சொந்தக் காலில் நின்றவன் நான்" என்று மைக்கில் சொன்னார். அந்தக் காலைப் பிடித்திருந்தவன் அப்போது பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தான். நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

இந்த வருஷம் இசக்கியம்மாள் வந்தாள். குளத்து நத்தைகளை ஆராய்கிறவள். அருமைநாயகம்தான் அவளுக்கு நெறியாளர். காலி வகுப்பறையில் பெஞ்சுகளுக்குப் பாடம் நடத்திப் பழகினோம். முருங்கைப் பூ அளவுக்குத்தான் கனம் இருந்தாள்.

"அண்ணாச்சி, விட்டுராதீங்க. கூரைக்குப் போயிட்டா என் நத்தையெல்லாம் யாரு பாப்பா? அது கீழல்லா இருக்கு."

"ஒரு பல்லுதான் போயிருக்கு தாயி. மிச்சம் இருக்கு. நீ தைரியமா உதை."

அவளுடைய முதல் வகுப்பைப் பார்த்து அனுமதி கொடுக்க அருமைநாயகம் வந்தார். பாடம் நடத்த வேண்டிய ஆபத்து எங்கே வந்துவிடுமோ என்று எப்போதும் ஈயக்கட்டி வைத்துத் தைத்த பூட்ஸில்தான் நடப்பார். அதைப் பற்றித் துறையில் யாரும் பேசுவதில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் அவற்றைக் கழற்றிவிட்டு விரல்களுக்குக் காற்று காட்டினார்.

இசக்கியம்மாள் ஆரம்பித்தாள். மேசை உயரத்தில் நன்றாகவே பேசிக்கொண்டிருந்தாள். ஆனால் நெறியாளரின் புத்தகத்திலிருந்து நிறைய மேற்கோள் வர வேண்டும் என்பது நெறியாளரின் உத்தரவு. முதல் மேற்கோளுக்கு நான் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன். அடுத்ததற்கு மேசைமேல் ஏறினேன். அதற்கடுத்ததற்கு நுனிக்காலில் நின்றேன். அவளுடைய உச்சந்தலைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. மேலே இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள். "மேடம், நத்தை கொட்டாவி விடுமா?"

இசக்கியம்மாள் யோசித்தாள்.

"தெரியலியே. நான் பாத்ததில்ல. சாயங்காலம் எல்லாரும் குளத்துக்கு வாங்க, பாத்துருவோம்."

சொன்னதும் கனம் வந்துவிட்டது. இறங்கிய வேகத்தில் என் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. இரண்டு காலும் தரையில் பதிய நின்று அவள் கரும்பலகையில் நத்தையை வரைந்தாள். நான் கையை எடுத்துவிட்டேன்.

அருமைநாயகம் எழுந்து முன்னால் வந்தார். "தெரியலன்னு ஒரு ஆசிரியர் சொல்லலாமா? உனக்கு எப்படி அனுமதி தர்றது? தள்ளு. இந்தக் கேள்விக்கு என் புத்தகத்திலேயே நான்..." என்று தன்னையே மேற்கோள் காட்டினார். பூட்ஸ் கடைசி பெஞ்சுக்கு அடியில் கிடந்தது.

"வே, சுடலை! பிடியும்வே!" என்று மேலே போய்க்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

நான் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்து முடித்துவிட்டு எட்டிப் பிடித்தேன். பழகிய கணுக்கால்.

"இது யார் காலு சார்?"

"கேக்கிற நேரமாவே இது? என் சொந்தக் கால்தான்!"

கால் முழங்காலோடு கழன்று என் கையில் வந்தது. அவர் மேலே போனார். அவருக்கும் இடம் விட்டார்கள். காலைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் வைத்தேன். சொந்தக் கால் என்பதால் அது தானாகவே நின்றது.

சாயங்காலம் எல்லாரும் குளத்துக்குப் போனோம். நத்தை கொட்டாவி விட்டது.

மறுநாளிலிருந்து துறைத் தலைமையை அந்தக் கால்தான் கவனித்துக்கொள்கிறது. இசக்கியம்மாளின் அனுமதிக்குப் பெருவிரல் ரேகை வைத்ததும் அதுதான். கூட்டங்களுக்கு நேரத்தோடு வந்துவிடுகிறது. எதிரே வந்தால் நான் வணக்கம் வைப்பதில்லை. என் பல்லைப் பற்றி அது இன்னும் வாயைத் திறக்கவில்லை.