அத்தானுக்கு மட்டும் ஒரு விலக்கு

மருத்துவமனையின் கணினிப் பாதுகாப்பு அவள் பொறுப்பு. வெளி நிறுவனத்தார் கணினிக்குள் நுழைய வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் காரணம் எழுதிக் கேட்க வேண்டும். அவள் பார்த்துத் திறந்துவிடுவாள்; இரண்டு மணி நேரத்தில் தானாக மூடிக்கொள்ளும். விதியை எழுதியவளும் அவள்தான். ஒரே ஒருவருக்கு மட்டும் எப்போதும் திறந்தே வைத்திருந்தாள். ஸ்கேன் இயந்திரங்களைப் பராமரிக்க வரும் அவள் அக்கா புருஷனுக்கு.

விதி வந்த புதிதில் அத்தான், "பதினோரு வருஷமா வர்றேன். இனிமே உன் முன்னாடி கைகட்டி நிக்கணுமா? உங்கக்காகூட இத்தனை கேள்வி கேக்க மாட்டா," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு மூன்று வாரம் பேசவில்லை. திரையில் 'விலக்கு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் செய்தாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை அத்தான் பெயரில் யாரோ நுழைந்து நாலாயிரம் நோயாளிகளின் விவரங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அதே நேரத்தில் அவர் கீழ்த்தளத்தில், அவள் கண்ணெதிரே, ஸ்கேன் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து வயர் மாற்றிக்கொண்டிருந்தார். கடவுச்சொல் களவுபோனது அவருக்கே தெரியாது.

மேலாளர் அறிக்கையைப் புரட்டினார். "அந்த ஆளோட கம்பெனிக்கு எழுதிடலாம். சீட்டைக் கிழிச்சிடுவாங்க. நம்ம பக்கம் சுத்தம்தானே?"

தலையாட்டினால் போதும். நம்பிக்கையில்தான் திறந்து வைத்தோமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை. அந்த மூன்று வார மௌனம் மறுபடி வந்துவிடுமோ என்ற பயம். அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சுத்தமில்லை சார். மத்தவங்களுக்கு மாதிரி மூடியிருந்தா, கடவுச்சொல் கிடைச்சும் உள்ள வந்திருக்க முடியாது. திறந்து வச்சது நான். அவர் என் அக்கா புருஷன்."

மேலாளர் பேனாவை மூடினார். "இதை எழுத்துல குடுங்க."

எழுதினாள். உறவையும் எழுதினாள்.

கீழே அத்தான் கருவிப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்னையும் சந்தேகப்பட்டிருக்கலாமே, பாப்பா."

"நீங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டீங்களே, அத்தான்."

"என் மூஞ்சிக்கா பயந்தே?" சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை. "உன் வேலை என்னாகும்?"

"தெரியல. உங்க வேலை போகாது."

"உங்கக்காகிட்ட..."

"நானே சொல்றேன்."

அவர் பெட்டியைத் தூக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவள் போனை எடுத்து அக்காவை அழைத்தாள்.