புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம்

டாக்டர் வெங்கடசுப்ரமணியனிடம் மணி கேட்டால் நொடியோடு சேர்த்துத்தான் பதில் வரும். பல் மருத்துவக் கல்லூரியில் ஸ்கேன் பிரிவின் தலைவரான அவர் மனிதர்களின் வயதையும் அப்படித்தான் சொல்லிவந்தார். பிறந்த தேதி தெரியாத ஆள் யாரையாவது போலீஸ் கூட்டிக்கொண்டு வரும். அந்த ஆளின் தலையைச் சுற்றி மிஷின் ஒரு வட்டம் அடிக்கும், கம்ப்யூட்டர் கோரைப்பல்லை அளக்கும், ‘முப்பத்தேழு புள்ளி பூஜ்யம் நான்கு’ என்று எழுதி சார் கையெழுத்துப் போடுவார். அந்தப் பூஜ்யம் நான்கைக் கண்டு வக்கீல்கள் வாயடைத்துப்போவார்கள்.

பல்லுக்கு நடுவில் கூழ் நிறைந்த ஒரு சின்ன அறை உண்டு. வயது ஏற ஏற அதன் சுவர் உள்பக்கமாகத் தடித்து, அறை சுருங்கும். எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்த்து வயதை ஊகிக்கலாம். வெறும் ஊகம்தான். ‘ஒன்பது வருடம் கூடவோ குறையவோ இருக்கலாம்’ என்று மென்பொருளே கடைசி வரியில் அடக்கமாக அச்சடித்துக் கொடுத்துவிடும். சாருக்குத்தான் அந்த அடக்கம் பிடிக்காது.

“கோர்ட் வயசைக் கேக்கறது. மழை வந்தாலும் வரும்னு சொல்ல நாம என்ன வானிலை ஆபீஸா? எடு அந்த வரிய” என்பார்.

எடுக்கிற விரல் ஆர்ஷாவுடையது. அவள் சாரின் கீழே மேல்படிப்பு இரண்டாம் வருடம். ஆய்வேட்டில் அவர் கையெழுத்து விழவேண்டும். சொந்த ஊரான பாறசாலையில் அவள் அப்பா ஞானையன், மகள் ஸ்பெஷலிஸ்ட் ஆகிவிட்டதாக சர்ச் கமிட்டி வரைக்கும் அறிவித்தாகிவிட்டது. விரல் வேறென்ன செய்யும்?

அந்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு மிஷின் முன்னால் வந்து நின்றவள் சுடலைமாடத்தி. போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட் லயத்துக்காரி, கொழுந்து பறித்தே காய்ப்புக் காய்த்த விரல்கள். போன ஞாயிற்றுக்கிழமை நடந்த மாநில மூத்தோர் தடகளத்தில், ஐம்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கான ஐயாயிரம் மீட்டரை மகளின் கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடி ஜெயித்தவள். இரண்டாவதாக வந்தவளுக்கும் அவளுக்கும் முக்கால் சுற்று இடைவெளி.

இரண்டாவதாக வந்த ஸ்ரீலட்சுமி அதைச் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். அவள் கணவர் ஹரிகுமாரால் விட முடியவில்லை. செக்ரட்டேரியட்டில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி தோற்றதையாவது பொறுத்துக்கொள்வார், ஒரு ஃபைல் இல்லாமல் தோற்றதை எப்படிப் பொறுப்பது? ஃபைல் திறந்தார். ‘ஜெயித்தவளுக்கு ஐம்பத்தைந்து ஆகவில்லை’ என்று புகார் போட்டார். தேசியப் போட்டிக்கான பட்டியல் இன்று மாலை ஐந்து மணிக்கு மூடுகிறது. அதற்குள் பல் சர்ட்டிபிகேட் வராவிட்டாலோ, வந்து ஐம்பத்தைந்துக்குக் கீழே என்று சொன்னாலோ, சுடலைமாடத்திக்குப் பதக்கமும் போச்சு, பட்டியலில் பேரும் போச்சு.

“ஆதார்ல ஜனவரி ஒண்ணு, அறுபத்தொம்பது” என்று மலையாளம் கலந்த தமிழில் தொடங்கினார், ஃபைலோடு நேரிலேயே வந்திருந்த ஹரிகுமார். “ஆ லயத்தில வேற ஆள்காரோட ஆதாரும் நான் பாத்தாச்சு. எல்லாருக்கும் ஜனவரி ஒண்ணு! இதெந்தா, ஒற்ற நாளில எஸ்டேட் முழுக்கப் பிரசவமோ?”

“தேதி தெரியாதுன்னோம் சார். எழுதுறவன் அவனா ஜனவரி ஒண்ணுன்னு போட்டுக்கிட்டான்” என்றாள் சுடலைமாடத்தி. “எங்க லயத்துல நாப்பத்திரண்டு பேருக்கு அன்னைக்குத்தான் பொறந்தநாளு. ஒரே கேக்குல சோலி முடிஞ்சிரும்.”

“அப்போ சரிக்கும் வயசு எத்ர?”

“மூத்தவளுக்கு முப்பத்தெட்டு. அவளப் பெக்கும்போது எனக்குப் பதினெட்டுன்னு எங்கம்மா சொல்லும். கூட்டிக்கிடுங்க.”

“அம்மா சொல்லும்! ரெக்கார்டு எவிட?”

ஆர்ஷா அவளை மிஷினில் நிறுத்தினாள். “தாடைய இங்க வையுங்க அம்மா. இந்தக் குச்சியக் கடிச்சுக்கோங்க. அசையப்பிடாது, கேட்டோ.”

“எவ்ளோ நேரம் டாக்டரம்மா?”

“இருபது செகண்ட்.”

“அதுக்குள்ள நூறு மீட்டர் போயிருவேனே.”

மிஷின் உறுமிக்கொண்டு ஒரு வட்டம் போட்டது. திரையில் கோரைப்பல் நிமிர்ந்து நின்றது. கணக்கு ஓடியது. நாற்பத்தொன்பது புள்ளி ஆறு இரண்டு.

சார் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். “நாப்பத்தொம்பது புள்ளி ஆறு ரெண்டு! அறையைப் பாருங்கோ, எவ்வளவு விசாலமா இருக்குன்னு. பல்லு பொய் சொல்லாதாக்கும்.” ஹரிகுமாரின் முகத்தில் ஒரு ஃபைல் முடிந்த ஒளி.

சுடலைமாடத்தி திரையைப் பார்த்தாள், சாரைப் பார்த்தாள். “ஆறேழு வருசத்த நான் எங்க சார் கொண்டுபோய் ஒளிச்சு வைப்பேன்?” என்றாள். குரலில் கேலி இருந்தது. ஆனால் கை, ஷூ இருந்த துணிப்பையை இறுக்கிப் பிடித்திருந்தது.

“ஆர்ஷா, வழக்கம்போல அந்தக் கடைசி வரிய எடுத்துட்டு பிரிண்ட் போடு.”

ஆர்ஷாவின் விரல் அழிக்கும் பொத்தானுக்கு மேலே போய் நின்றது. மணி மூன்று ஐம்பது. ஒரு வரி. அந்த ஒரு வரி இருந்தால் இவளுக்கு ஐம்பத்தெட்டுகூட ஆகியிருக்கலாம். இல்லாவிட்டால் இவள் ஊரை ஏமாற்றியவள். சாரிடம் நேராகச் சொன்னால் ஆய்வேட்டோடு சேர்த்து அவளையும் வெளியே எறிவார். அப்போதுதான் அலமாரியில் கண் விழுந்தது. சார் எழுதிய ‘வயது நிர்ணய வழிகாட்டி’, நாற்பது பக்கம், அதில் நான்கு பக்கம் சாரின் படம். அதை முழுதாகப் படித்த ஒரே ஜீவன், பிழை திருத்திய ஆர்ஷாதான்.

“சாரே, பதினேழாவது விதி...”

“என்ன விதி?”

“சார் எழுதினதுதான். சர்ட்டிபிகேட் கொடுக்கதுக்கு முன்ன, வயசு தெரிஞ்ச ஒருத்தரோட ஸ்கேனைப் பேர மறைச்சு, அதே சாஃப்ட்வேர்ல போட்டுப் பாக்கணும்னு உண்டு.”

“அதெல்லாம் புஸ்தகத்துக்கு எழுதறதாக்கும். இப்ப நேரம் எங்க இருக்கு?”

ஹரிகுமார் எழுந்தே நின்றுவிட்டார். முப்பது வருட சர்வீஸில் ஒரு சீல் குறைந்த காகிதத்தை அவர் மேஜை தாண்ட விட்டதில்லை. “டாக்டரே, ப்ரொசீஜர் உண்டெங்கில் ஃபாலோ செய்யணும். இல்லெங்கில் இவங்க அப்பீல் போகும். அதொண்ணும் சரியாகில்லா. இப்பவே செய்யணும்!”

சார் பல்லைக் கடித்தார். கோபம் வந்தால் அவர் பல் கடிபடும் சத்தம் வராந்தா வரைக்கும் கேட்கும் என்பது பிரிவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஆர்ஷா பழைய ஃபைல்களை உருட்டினாள். ‘டெமோ ஒன்று’. இரண்டு வருடம் முன்பு மிஷினைத் திறந்துவைத்த அன்று, மற்றவர்கள் குத்துவிளக்கு ஏற்றியதோடு நிறுத்திக்கொள்ள, சார் மட்டும் விருந்தினர்கள் முன்னால் தன் தலையையே மிஷினுக்குள் கொடுத்தார். பேப்பரில் படம் வந்தது. அந்த ஸ்கேனை அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. ஆர்ஷா பெயரை மறைத்தாள், திறந்தாள்.

“அடாடா, இது படு கிழமாக்கும்” என்றார் சார், மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. “பாத்தேளா மிஸ்டர் ஹரிகுமார்? அறை மூடியே போயிடுத்து. தேய்மானத்தைப் பாருங்கோ. சதா பல்லைக் கடிச்சுண்டே இருக்கற மனுஷன். ஆத்துல யாருக்கும் நிம்மதி இருக்காது.”

கணக்கு நின்றது. அறுபத்தாறு புள்ளி ஒன்று எட்டு.

“சரியாணோ?” என்று ஹரிகுமார் பேனாவைத் திறந்தார்.

“ரெண்டு தசமம் வரைக்கும் சரி. எழுதிக்கோங்கோ.”

ஆர்ஷா பெயரைத் திறந்து காட்டினாள். ‘டாக்டர் வெங்கடசுப்ரமணியன்’ என்று திரையில் வந்தது.

“டாக்டருக்கு ரெக்கார்டில எத்ர வயசு?” ஹரிகுமார் மெல்லக் கேட்டார்.

“ரெண்டு வருஷம் முன்னால ஐம்பத்தெட்டு” என்றாள் ஆர்ஷா.

“இவிட அறுபத்திரண்டில ரிட்டயர்மென்ட் அல்லே?” ஹரிகுமாரின் கண் மேலே போய்க் கணக்குப் போட்டது. “அப்போ அன்னைக்கே நாலு வருஷம் ஓவர்...” அவர் கை, பாவம், அவருக்கே தெரியாமல் ஃபைலிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவியது.

சார் அந்தத் தாளைப் பார்த்துவிட்டார்.

“மார்ஜின்!” என்று அலறினார். “மார்ஜின் உண்டோல்லியோ! ஒம்பது வருஷம் முன்னே பின்னே போகும். லோகம் பூரா ஒத்துண்ட சங்கதியாக்கும்! அந்த வரி எங்க? யாரு அதை எடுத்தது?”

“இன்னும் எடுக்கல்ல சாரே.”

“எடுக்கப்படாது! பெரிசா போடு. தடிமனா போடு. ரெண்டு பேருக்கும் போடு!”

நாற்பத்தொன்பதோடு ஒன்பது, ஐம்பத்தெட்டு. ‘ஐம்பத்தைந்து ஆகவில்லை என்று இந்த ஸ்கேனை வைத்துச் சொல்ல இயலாது’ என்று சார் சொல்லச் சொல்ல ஆர்ஷா தட்டினாள். நாலு இருபதுக்குக் கையெழுத்து. ஹரிகுமார் மூன்று முறை படித்தார். குற்றம் கண்டுபிடிக்க ஒரு கமாகூடக் கிடைக்கவில்லை. ப்ரொசீஜர் கேட்டதே அவர்தானே. நாலு முப்பத்தைந்துக்கு ஆர்ஷா அதைப் போட்டிக் கமிட்டிக்கு அனுப்பினாள். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. நால்வரும் அந்த வட்டத்தையே பார்த்தார்கள், ஹரிகுமார் உள்பட. நாலு நாற்பத்தொன்றுக்குப் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று பதில் வந்தது. ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்குப் பட்டியல். மூன்றாவது பெயர் சுடலைமாடத்தி, போனக்காடு.

ஆர்ஷா கூவியே விட்டாள். சுடலைமாடத்தி அவள் கன்னத்தைக் காய்த்த விரல்களால் வழித்து நெட்டி முறித்தாள். பிறகு சாரிடம் திரும்பினாள்.

“கடைசியா எனக்கு என்ன வயசு சார்?”

“நாப்பதுலேந்து ஐம்பத்தெட்டுக்குள்ள.”

“இதச் சொல்லவா இம்புட்டுப் பெரிய மிஷினு? எங்க கங்காணி சும்மா பாத்தே சொல்லிப்பிட்டாரே!” சிரித்துக்கொண்டே கீழே உட்கார்ந்து, பையிலிருந்த ஷூவை எடுத்து மாட்டிக் கயிற்றை முடிந்தாள். “சார்” என்றாள் ஹரிகுமாரிடம், “வீட்டம்மாகிட்டச் சொல்லுங்க. நல்லாத்தான் ஓடுறாக. முதல் சுத்துலேயே மூச்சத் தீத்துப்பிடுதாக. அடுத்த வருசம் அதப் பாத்துக்கிடச் சொல்லுங்க.”

ஹரிகுமார் அதையும் தாளில் குறித்துக்கொண்டார்.

“தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ விளிக்கட்டா அம்மா? அஞ்சரைக்கு பஸ்ஸல்லே?” என்றாள் ஆர்ஷா.

“இந்த நேரத்து ட்ராபிக்ல ஆட்டோ என்னைக்குப் போய்ச் சேர?” படியில் தடதடவென்று காலடி இறங்கியது.

ஆர்ஷா ஜன்னலுக்கு ஓடினாள். பின்னால் சார் தொண்டையைச் செருமினார்.

“ஆர்ஷா... அந்த டெமோ ஃபைல்.”

“அழிக்கட்டா சாரே?”

“வேண்டாம்” என்றார் சார். “அந்தக் கடைசி வரியோட வெச்சுடு.”

கீழே ரோட்டில் ஹார்ன்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு நின்றன. அசையாத ஆட்டோக்களுக்கு நடுவே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒருத்தி ஓடினாள். ஒரு காரைத் தாண்டினாள், ஒரு பஸ்ஸைத் தாண்டினாள், வளைவில் மறைந்தாள்.