நாடி வாட்ச்சுக்கு மெஷின்

குணமணி சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷம் தாதியாக வேலை பார்த்தவள். நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சீருடையில் ஊக்கால் குத்தித் தொங்கவிட்ட வாட்ச்சைப் பார்த்து நாடி எண்ணும்போதெல்லாம் எரிச்சல் வரும். நொடிமுள் கடுகளவு, ஒரு மூலையில் ஓடும். 1961இல் வேலையை விட்டாள். நடுவில் நீளமான சிவப்பு நொடிமுள் சுற்றும் வாட்ச்சைத் தாதிகளுக்கென்றே செய்து, 'நாடி' என்ற பெயரில் விற்பதென்று இறங்கினாள்.

வாட்ச்சின் வெளிக்கூடும் எண் எழுதிய முகப்பும் ஹாங்காங்கிலிருந்து வந்துவிட்டன. உள்ளே ஓடும் இயந்திரம்தான், கடைக்காரர்கள் சொல்லும் 'மெஷின்', சுவிட்சர்லாந்திலிருந்து வரவேண்டும். அதை இறக்குமதி செய்யும் ராபின்சன் ரோடு ஏஜென்ட் ஏரம்பமூர்த்தி அவள் அப்பாவுக்குப் பழக்கமானவர். மாதிரிக்கு அவர் காட்டியது, தேயாமல் ஓட உள்ளே பதினேழு கல் வைத்த நல்ல மெஷின். அதை நம்பி நூறு மெஷின் கேட்டாள்.

பெட்டி வந்ததும் தேக்கா சந்தைப் பக்கம் அஞ்சடியில், அதாவது கடை முன் நடைபாதையில், ரிப்பேர் மேசை போட்டிருந்த ஹனீபாவிடம் கொண்டுபோனாள். பன்னிரண்டு மெஷினைக் கூட்டில் பூட்டிப் பார்த்த ஹனீபா, கண்ணில் செருகியிருந்த லென்ஸை எடுத்தார்.

"மிஸ்ஸி, இது அந்த மெஷின் இல்ல. ஏழு கல்லுதான். ஸ்க்ரூவெல்லாம் கீறல், முன்னாடியே யாரோ திறந்திருக்காங்க. படுக்க வச்சா ஓடுது, தொங்கவிட்டா நின்னுடுது லா."

"தாதிமார் தொங்கவிட்டுத்தானே குத்துறவை, பாய்."

"அதான். ஆனா ஏஜென்ட்கிட்ட மெதுவாப் பேசுங்க. பகைச்சுக்கிட்டா வேற ஆள் கிடையாது."

மெதுவாகப் பேசுவதொன்றும் அவளுக்குப் புதிதில்லை. வார்டில் டாக்டர் தப்பாக எழுதிய மருந்தைக்கூடக் கெஞ்சிக் கெஞ்சித்தான் திருத்தவைத்திருக்கிறாள். போதும் என்றாகிவிட்டது.

மறுநாள் காலை ஏரம்பமூர்த்தியின் அலுவலகத்தில் பினாங்கிலிருந்து வந்த இரண்டு வியாபாரிகள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். குணமணி யாரையும் கேட்காமல் ஜன்னல் கம்பிக்கும் அலமாரிக் கைப்பிடிக்கும் நடுவே ஒரு சணல் கயிற்றைக் கட்டினாள். பன்னிரண்டு வாட்ச்சையும் சாவி கொடுத்துத் தொங்கவிட்டாள்.

"உதென்ன கூத்து, பிள்ளை?" என்றார் ஏரம்பமூர்த்தி.

"இருந்து பாருங்கோ."

காப்பி முடிவதற்குள் ஐந்து நின்றுவிட்டன. பினாங்குக்காரர் ஒருவர் எழுந்து, ஆறாவதில் காதை வைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கினார். ஏரம்பமூர்த்தியின் முகம் கறுத்தது.

"தனியா வந்து சொல்லியிருந்தால் மாத்தித் தந்திருப்பன்."

"மாதிரிக்கு ஒண்டைக் காட்டி வேற ஒண்டை அனுப்பினதும் தனியாத்தானே நடந்தது."

"பொம்பிளையள் குத்துற வாட்ச். ஆர் திறந்து பாக்கப் போகினம்?"

"நான் திறந்து பாத்தன். உங்கட பெட்டி எனக்கு வேண்டாம்."

"சரி. இனிச் சிங்கப்பூரில ஒருத்தரும் உனக்கு மெஷின் தரமாட்டினம்."

அவர் சொன்னபடியே செய்தார். மூன்று இறக்குமதிக்காரர்கள் அவள் பெயரைக் கேட்டதுமே கையை விரித்தார்கள். சுவிஸ் தொழிற்சாலைக்கு எழுதினாள். ஆயிரத்துக்குக் குறைந்து அனுப்புவதில்லை என்று பதில் வந்தது. நூறு முகப்புகளும் பெட்டியில் கிடந்தன. ஹனீபாகூட, "விட்டுடுங்க மிஸ்ஸி" என்றார். அவள் விடவில்லை.

ஒருநாள் சேஞ்ச் ஆலி என்ற கடைச்சந்தில் மருதப்பன் என்பவரின் கடையில், தூசி படிந்த சதுர வாட்ச்சுகள் கண்ணில் பட்டன. தங்கப் பூச்சு, பக்கவாட்டில் சிங்கத் தலை. பார்க்கவே சகிக்கவில்லை. ஆனால் நடுவில் நொடிமுள் ஓடியது.

"உள்ள பதினேழு கல்லும்மா. கூடு பிடிக்காம யாரும் தொடமாட்டேங்குறாங்க," என்றார் மருதப்பன்.

ஹனீபாவை அழைத்துவந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவைத்தாள். நாற்பத்தொன்று தேறின. மெஷினை மட்டும் கழற்றித் தன் கூட்டில் பூட்டுவதென்று அவற்றை வாங்கினாள். முகப்பை மெஷினோடு பிடித்துவைக்கும் பின்பக்கக் கால்கள் இதற்குப் பொருந்தவில்லை. நாற்பத்தொன்றுக்கும் காலை வெட்டி இடம் மாற்றி ஒட்டவேண்டியிருந்தது. ஹனீபா இரண்டு வாரம் திட்டிக்கொண்டே ஒட்டினார்.

தாதிகள் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி கேட்டு வாங்கினார்கள். மூன்று மாதத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அப்போதுதான் ஏரம்பமூர்த்தி தானே தேக்காவுக்கு வந்தார். அஞ்சடியில் நின்றபடி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல மெஷினாத் தாறன், பிள்ளை. கேட்ட அளவு. முகப்பில நாடிக்குக் கீழ எங்கட கம்பெனிப் பேரைப் போடவேணும், அவ்வளவுதான்."

"நல்லதெண்டால் தாங்கோ, வாங்குறன். பேர் போடமாட்டன்."

"பிடிவாதம் பிடிச்சால் திரும்பவும் பழைய வாட்ச்தான் பொறுக்கவேணும்."

"ஓம், பொறுக்குவன்."

அவர் போய்விட்டார். ஹனீபா தலையில் கைவைத்துக்கொண்டார். பாலத்துக்கு அப்பால் ஜொகூர் பாருவில் ஒரு கடையில் அதே சிங்கத் தலை வாட்ச்சுகள் விற்காமல் கிடப்பதாக அவர்தான் காலையில் சொல்லியிருந்தார். குணமணி குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.